பிரேசில்காரரைத் திராமனில் விட்டுவிட்டு வந்தேன்

போன மாதம், ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமை ஒஸ்லோவில் இருந்து திராமனுக்குப் போய் வந்தேன். போக வர எண்பது கிலோமீற்றர், அவ்வளவுதான். எங்கள் சங்கத்து இணையப் பக்கத்தில் நீங்கள் எல்லாரும் மல்லோர்க்கா, துபாய், திருச்செந்தூர் என்று எழுதுகிறீர்கள். இதையும் ஒரு பயணம் என்று எழுதுகிறாவோ என்று சிரிக்கிறவர்கள் சிரியுங்கோ. இந்த நாட்டுக்கு வந்து முப்பது வருசத்துக்கு மேல். ஆனால் நான் தனியாக ரயில் ஏறினது அன்றைக்குத்தான். ரிக்கெற் எடுக்கிறது, எந்த மேடை என்று பார்க்கிறது எல்லாம் எப்போதும் என்னுடைய மனுசன்தான். இவர் செத்துப்போய் அப்போது பதினொரு மாதம்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்துப் பிழைகளை மகள் திருத்தித் தந்தாள். இரண்டு இடத்தில், "அம்மா, இதை எடுத்துவிடுவமோ? ஆக்கள் என்ன நினைப்பினம்?" என்று கேட்டாள். நான் விடவில்லை.

ஏன் போனேன் என்று முதலில் சொல்ல வேண்டும். ஒஸ்லோ ட்வெய்ட்டாவில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் இருந்தது. கோட்டும் கழுத்துப்பட்டியும் போட்ட ஒரு மெலிந்த ஆள், தலையைப் படிய வாரி விட்டிருப்பார். நூறு வருசத்துக்கு முன் பிரேசிலில் பந்து விளையாடினவர். கோல் அடிக்கிறதில் அந்தக் காலத்தில் அவரை மிஞ்ச ஆள் இல்லையாம். அவருடைய பேரை நான் இதில் எழுதப் போவதில்லை. காரணம் இருக்கிறது.

என்னுடைய மனுசனுக்குக் கடைசி இரண்டு வருசமும் மறதி வருத்தம். முதலில் ஊர் ஆட்களின் பேர் போனது. பிறகு பேரப்பிள்ளைகள், பிறகு பிள்ளைகள். ஒரு நாள் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தபோது என்னைப் பார்த்து மரியாதையாக, "தங்கச்சி, நீங்கள் ஆற்றை பிள்ளை?" என்று, யாருடைய மகள் என்று கேட்டார். அன்றோடு என்னுடைய பேரும் போனது. ஆனால் அந்தப் பிரேசில்காரரின் பேர் மட்டும் போகவில்லை. முழுப்பேரையும் தகப்பன் பேரோடு சேர்த்துத் தேவாரம் மாதிரிச் சொல்லுவார். நான் பக்கத்தில் இருந்து சோறு தீத்திக்கொண்டிருப்பேன், இவர் படத்தைப் பார்த்து அந்தப் பேரைச் சொல்லிச் சிரிப்பார். பேரை ஏன் எழுதவில்லை என்று இப்போது விளங்கியிருக்கும்.

அந்தப் படத்தை இவருக்குக் கொடுத்தது மார்லி என்கிற ஒரு பிரேசில் பெண். இவரும் அவவும் ஒரு ஹொட்டலின் சலவைப் பகுதியில் பல வருசம் ஒன்றாக வேலை செய்தவர்கள். வேலை விட்ட பிறகு மார்லி திராமனுக்குக் குடிபோனா. இவர் மாதத்தில் ஒரு சனிக்கிழமை அங்கே போய், "பந்துக் கதை கதைச்சிட்டு வாறன்" என்று வருவார். நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. கடைசி மாதங்களில் இவர் முதியோர் இல்லத்தில் இருந்தபோது அங்கே ஒரு தாதி நல்ல மனதோடுதான் சொன்னாள்: "சனிக்கிழமை வாற அந்த அம்மா வந்தால் உங்கட மனுசன் எவ்வளவு கதைக்கிறார் தெரியுமோ?" சனிக்கிழமை நான் கோயிலுக்குப் போகிற நாள். என்னோடு இருக்கும்போது இவர் யன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்தத் தாதி சொன்ன நாளில் இருந்து எனக்குள் ஒரு கேள்வி. இவர் மார்லியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாரா இல்லையா?

இதற்கு மேல் நினைவு மலர்க் கூத்து ஒன்றும் நடந்தது. எங்கள் ஆட்களுக்குச் செத்தவீடு என்றால் முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் என்று ஒரு சின்னப் புத்தகம் அடித்துக் கொடுக்க வேண்டும். சங்கத்துத் தம்பி ஒருவர் பொறுப்பெடுத்து, வீட்டுக்கு வந்து சுவரில் இருந்த படங்களை எல்லாம் போனில் எடுத்துக்கொண்டு போனார். நான் எதையும் பார்க்கிற நிலையில் இல்லை. மண்டபத்தில் சாப்பாட்டோடு மலரையும் எல்லாருக்கும் கொடுத்தாயிற்று. வீட்டுக்கு வந்து மகள் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஐயோ அம்மா!" என்றாள். இரண்டாம் பக்கத்தில் பிரேசில்காரர். கீழே, "அன்னாரின் பாசமிகு தந்தையார், ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர்."

மாமாவின், அதுதான் இவருடைய தகப்பனின், படம் எங்களிடம் ஒன்றுகூட இல்லை. இடம்பெயர்ந்து ஓடினபோது எல்லாம் போனது. அந்த இடத்தில் இந்த ஆள் போய் இருந்துவிட்டார். பகிடி என்னவென்றால் ஒருவரும் பிழை பிடிக்கவில்லை. மண்டபத்தில் மூன்று பேர் என்னிடம் வந்து, "மூக்கைப் பார்த்தீங்களோ, அப்பிடியே தேப்பன்ரை மூக்கு" என்று சொல்லிப்போட்டுத்தான் போனார்கள். ஒரு மாமி படத்தைக் கண்ணில் ஒற்றினா. மகள் சிரித்துச் சிரித்து அழுதாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆண்டுத்திவசத்துக்கு முன்னம் இந்தப் படத்தைக் கொடுத்தவவிடமே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவது என்று முடிவெடுத்தேன். அப்படியே அந்தக் கேள்வியையும் கேட்கலாம்.

எதிரி வீட்டுக்கென்றாலும் வெறுங்கையோடு போக முடியாதே. முதல் நாள் பருத்தித்துறை வடை சுட்டேன். தட்டை வடை, ஒரு கிழமைக்கு நமுக்காது. பயணத்துக்கு இதைப்போல ஒரு சாமான் இல்லை, நீங்களும் கொண்டுபோகலாம்.

காலை பத்து மணிபோல் ட்வெய்ட்டாவில் சுரங்க ரயில் ஏறினேன். நகரத்துக்குப் பன்னிரண்டு நிமிடம்தான். இறங்கி மேலே வந்தால் மத்திய ரயில் நிலையம். திராமனுக்கு அடிக்கடி ரயில் இருக்கிறது, ஒன்றை விட்டால் அடுத்தது வரும், ஓடி விழ வேண்டாம். அறுபத்தேழு முடிந்தவர்களுக்கு அரை விலை. எனக்கு ஒரு வழிக்கு எண்பது குரோனருக்குள் வந்தது. போனில் ரிக்கெற் எடுக்க மகள் காட்டித் தந்தவள், ஆனால் பிழையான பட்டனை அமத்திவிடுவேனோ என்ற பயத்தில் மெசினிலேயே எடுத்தேன். ரயில் போகிற திசையைப் பார்த்து இடப்பக்கம் இருங்கோ, கொஞ்ச இடத்தில் கடல் தெரியும்.

படத்தைத் துவாயில் சுற்றி மடியில் வைத்திருந்தேன். துவாய் விலகிவிட்டது. முன்னால் முப்பது வயது மதிக்கிற ஒரு பிள்ளை, மடியில் கம்ப்யூட்டர். நான் மகளோடு போனில் கதைத்ததைக் கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"ஆன்ட்டி, நீங்க ஸ்ரீலங்காவா? உங்க தமிழ் கேக்கவே ரொம்ப அழகா இருக்கு. நான் கோயம்புத்தூர்."

"ஓம் பிள்ளை, யாழ்ப்பாணம். எங்களுக்கும் உங்கட தமிழைக் கேட்டால் ரீவி போட்ட மாதிரி இருக்கும்."

அவள் படத்தைப் பார்த்தாள். "இது உங்க அப்பாவா ஆன்ட்டி? செம கெத்தா இருக்காரு."

"இல்லையம்மா. சக்களத்தி."

"சாரி?"

"எனக்கு வாய்ச்ச சக்களத்தி. இப்ப கொண்டுபோய் விடப் போறன்."

அந்தப் பிள்ளை சிரிக்கிறதா விடுகிறதா என்று தெரியாமல் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். பாவம். நான் ஒரு வடை கொடுத்தேன். வாங்கிக் கடித்துவிட்டு, "எங்க ஊர்ல தட்டைன்னு சொல்லுவோம்" என்றாள். தட்டை வேறு, வடை வேறு என்று ஆஸ்கர் நிலையம் வரும்வரை விளங்கப்படுத்தினேன். அவள் அங்கே இறங்கினாள். அதற்குப் பிறகு பத்துக் கிலோமீற்றருக்கு மேல் நீளமான ஒரு சுரங்கம் வரும். யன்னல் கண்ணாடியில் என்னுடைய முகமும் பிரேசில்காரரின் முகமும்தான் தெரிந்தன. வெளியே வந்தால் ஒரு பள்ளத்தாக்கு, கண்ணாடி வீடுகள், தோட்டங்கள், பிறகு திராமன். மொத்தம் நாற்பது நிமிடத்துக்குள்.

திராமனில் பார்க்கிறதென்றால் ஆறுதான். நிலையத்தில் இருந்து ஆற்றங்கரையால் பத்து நிமிடம் நடந்தால் நடந்துபோகிறவர்களுக்கு மட்டும் ஒரு பாலம் இருக்கிறது, நடு ஆற்றில் இரண்டாகப் பிரியும். மழை தூறிக்கொண்டிருந்தது, பலகை வழுக்கும், நல்ல சப்பாத்துப் போடுங்கோ. பாலத்துக்கு அங்காலே கடைத்தெரு. அதற்குப் பின்னால் மேட்டில் மார்லியின் தொடர்மாடி. மேடு கொஞ்சம் செங்குத்து. முழங்கால் வருத்தக்காரர் பஸ் எடுங்கோ. நான் எடுக்கவில்லை. இவர் நடந்த வழி என்று நடந்தேன். நடக்க நடக்கக் கோவம்தான் வந்தது. எங்கள் கட்டிடத்தில் லிப்ட் பழுதானால் மூன்றாம் மாடிக்கு ஏற முடியாது என்று கீழே நிற்கிற மனுசன், இந்த மேடு மட்டும் ஏறியிருக்கிறார்.

மார்லி கதவைத் திறந்ததும் என்னைக் கட்டிப்பிடித்தா. நான் கட்டிப்பிடிக்கிற ஆள் இல்லை. பெரிய உடம்பு, எழுபது வயசிலும் உதட்டுக்குச் சாயம், வீட்டுக்குள்ளும் தோடு. நாங்கள் கதைத்தது நோர்வே மொழியில். அவவுடையதில் போர்த்துக்கேய வாசம், என்னுடையதில் வந்த புதிதில் நான் வடக்கே மீன் வெட்டின இடத்து வாசம். அவ சொன்னதை நான் எனக்கு வருகிற தமிழில் எழுதுகிறேன்.

வடைப் பையைக் கொடுத்தேன். அவ திறந்து மணந்துவிட்டு, "ஆ! இது! அவர் ஒவ்வொரு முறையும் கொண்டுவாறது!" என்றா.

இவர் வேலை இடத்து ஆட்களோடு பகிர்ந்து சாப்பிட என்று கூடுதலாகச் சுடச் சொல்லுவார். வேலை விட்ட பிறகும் சொல்லுவார், பூங்காவில் கூட்டாளிமாருக்கு என்பார். கூட்டாளி இஞ்சை இருக்கிறா.

படத்தை எடுத்து மேசையில் வைத்தேன். "இதை நீங்கள் வைச்சிருங்கோ. எனக்குச் சுவர் வேணும்."

மார்லி சட்டத்தைத் தன் சட்டையால் துடைத்தா. அது அவவுடைய தாத்தா வைத்திருந்த படமாம். தாத்தா சாவோ பாவுலோவில் அந்த ஆள் விளையாடினதை நேரே பார்த்தவராம். பிரேசிலில் இருந்து வரும்போது அவ கொண்டுவந்த ஒரே படம். அதைத்தான் என்னுடைய மனுசனுக்குத் தூக்கிக் கொடுத்திருக்கிறா. அதைக் கேட்கவும் எரிந்தது. இவருக்கு நான் அப்படி ஒன்றைக் கொடுத்தேனா என்று யோசித்துப் பார்த்தால், ஊரில் இருந்து வரும்போது என்னிடம் கொடுக்க ஒன்றும் இருக்கவில்லை.

கோப்பி ஊற்றிக்கொண்டிருந்தா. நான் கேட்டுவிட்டேன்.

"கடைசியிலை உங்கட பேரைச் சொல்லிக் கூப்பிட்டவரோ?"

அவ கோப்பிப் பாத்திரத்தைக் கீழே வைத்தா.

"பொய் சொல்லவோ?"

"வேண்டாம். இவ்வளவு தூரம் வந்திருக்கிறன்."

"கூப்பிட்டவர். கடைசிக் கிழமையும். நான் கதவடியிலை வர, மார்லி எண்டு சொன்னவர்."

உங்களுக்கு ஒளிக்க என்ன இருக்கிறது. எழும்பிப் போகத்தான் நினைத்தேன். கோட்டைக்கூடக் கையில் எடுத்துவிட்டேன். நாற்பத்தொரு வருசம் கட்டி வாழ்ந்தவள் ஆற்றையோ பிள்ளை, சலவையில் துணி மடித்தவ மார்லி. ஆனால் வெளியே மழை கொட்டத் தொடங்கிவிட்டது. திராமன் மழையைப் பற்றி ஒருவரும் சொல்லித் தரவில்லை. குடை கொண்டுபோங்கோ.

திரும்ப இருந்தேன். "சரி. அந்தாளின்ரை கதையைச் சொல்லுங்கோ. எனக்கு இவர் ஒரு நாளும் சொல்லேல்லை."

"நீங்கள் கேட்டனீங்களோ?"

"எனக்கு எங்கை நேரம்? மூண்டு பிள்ளையள், ரெண்டு இடத்திலை வேலை. உங்களுக்குக் கேக்க நேரம் இருந்தது, அவ்வளவுதான்."

"அது சரி" என்றா மார்லி. எதிர்த்துக் கதைப்பா என்று பார்த்தேன், கதைக்கவில்லை. சீனிப் போத்தலை மேசை நடுவில் வைத்து, "இது கோல்காப்பாளர்" என்று தொடங்கினா.

அவ சொன்னது இது. அந்த ஆளின் தகப்பன் ஜெர்மன் பரம்பரை, தாய் கறுப்பினப் பெண். அந்தக் காலத்தில் பந்து வெள்ளைக்காரப் பணக்காரரின் விளையாட்டு. அந்த ஆள் விளையாடப் போகும் முன்னம் சுருட்டை முடியைச் சூட்டுத் துவாயால் படியவைப்பாராம். அதற்கே நேரம் போய், மைதானத்துக்குள் எல்லாருக்கும் கடைசியாகத்தான் வருவாராம். ஒரு கோல் போட்டு நாட்டுக்கே பெரிய கிண்ணம் ஒன்றை வென்று கொடுத்திருக்கிறார். அன்றைய ஆட்டம் முடிவே இல்லாமல் நீண்டு, எல்லாரும் காலை இழுத்துக்கொண்டு நின்ற நேரத்தில் அடித்த கோல். பிறகு அந்தச் சப்பாத்தை ஒரு நகைக் கடைக் கண்ணாடிக்குள் வைத்து ஊரே வந்து பார்த்ததாம். அப்படிக் கொண்டாடியவர்களே இன்னொரு முறை நாட்டு அணிக்குக் கறுப்பு ஆட்கள் வேண்டாம் என்றும் சொன்னார்களாம். முதல் உலகக் கிண்ணம் வந்தபோது இரண்டு ஊர்ச் சங்கங்களின் சண்டையில் அந்த ஆளை அனுப்பவில்லை. எங்கள் சங்கங்களைப் போலத்தான் அங்கேயும். நாற்பது வயது தாண்டியும் விளையாடியிருக்கிறார். எத்தனை கோல் என்று கேட்டால் ஆயிரத்துக்கு மேல் என்று ஒரு பகுதி, அதில் பாதி என்று இன்னொரு பகுதி. எழுதி வைத்த தாள்கள் தொலைந்து போனதாம்.

"கடைசியிலை அந்தாளுக்கும் மறதிதான்" என்றா மார்லி. "தான் போட்ட கோல் ஒண்டும் தெரியாது. பார்த்த சனம் வந்து அவருக்கே சொல்லுமாம்."

நான் கோப்பியைக் குடித்தேன். ஆறிப்போயிருந்தது.

"அந்தக் கிண்ணத்துக் கோல் வந்தால் உங்கட மனுசன் கதிரையிலை இருக்கமாட்டார்" என்று மார்லி எழும்பினா. "இஞ்சை, இந்த இடத்திலைதான் நிப்பார். நான் பக்கத்திலை இருந்து பந்து வாறமாதிரிச் சொல்லவேணும்." அவ கைகளை அகட்டி, ஒரு காலைத் தூக்கி, உடம்பை ஆட்டிக் காட்டினா. தோடு ஆடியது.

எனக்குப் பொறுக்கவில்லை. என்னுடைய மனுசனை இன்னொருத்தி நடித்துக் காட்டுகிறா. அதுவும் பிழையாக.

"இல்லை" என்றேன். "அவர் கையை அப்பிடி வைக்கமாட்டார்."

"நான் பார்த்தனானே."

"நீங்கள் பாத்தது பந்தை. இடது கை இடுப்பிலை இருக்கும். பிறகு வலது காலை உடனை தூக்கமாட்டார், முதலிலை குதியைத் தரையிலை ரெண்டுதரம் தட்டுவார்."

எப்படித் தெரியும் என்றால், பஸ்ஸுக்கு நிற்கும்போதும் அப்படித்தான், பாத்திரம் கழுவும்போதும் அப்படித்தான், பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக் கூட்டத்தில் கதைக்கப் பயந்து நின்றபோதும் அப்படித்தான். ஊரில் இவர் பந்து அடித்த ஆள் என்று கலியாணத்துக்கு முன் சொன்னார்கள். நான் ஒரு நாளும் பார்க்கவில்லை. ஆனால் இவர் நிற்கிற நிலை எனக்குத் தெரியும்.

எழும்பிக் காட்டினேன். சேலைக்கு மேல் சுவெற்றர், காலில் கம்பளிக் காலுறை. இடது கையை இடுப்பில் வைத்தேன். குதியை இரண்டுதரம் தட்டினேன். மார்லி சீனிப் போத்தலைக் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளிவைத்து, "பந்து வருது" என்றா. நான் அடித்தேன். இல்லாத பந்துதான், ஆனால் அறுபத்தெட்டு வயசில் கால் அவ்வளவு உயரும் என்று எனக்குத் தெரியாது. கதிரையைப் பிடித்துக்கொண்டேன்.

மார்லி சீனிப் போத்தலைத் திரும்ப நடுவுக்கு இழுத்தா. பிறகு, "ஓம். அதுதான் அவர்" என்றா. அவவுடைய முகத்தைப் பார்த்தேன். என்னுடைய முகத்தில் காலையில் இருந்தது இப்போது அவவுடைய முகத்தில் இருந்தது. உண்மையைச் சொன்னால், எனக்கு நல்லாயிருந்தது.

பின்னேரம் நாலு மணி ரயிலில் திரும்பினேன். மேட்டில் இருந்து இறங்க பஸ்தான் எடுத்தேன். மடி வெறுமையாக இருந்தது, பிரேசில்காரர் இருந்த இடத்தில் துவாய் மட்டும்.

போக நினைக்கிறவர்களுக்கு: ஒரு நாள் பயணத்துக்குத் திராமன் நல்ல இடம். கோடையில் போனால் ஆற்றங்கரையில் நல்லாய் இருக்கலாம். சாப்பாடு கொண்டுபோங்கோ, நிலையத்தில் கோப்பி மட்டும் ஐம்பது குரோனர் வரை போகிறது. தனியாகப் போகப் பயமென்றால் பயந்துகொண்டே போங்கோ, பயம் ஆஸ்கர் வரைதான். யாரையாவது பார்க்கப் போகிறீர்கள் என்றால் முதலே போன் அடித்துச் சொல்லுங்கோ. நான் அடித்துச் சொல்லிவிட்டுத்தான் போனேன், அது நல்லதாய்ப் போயிற்று. சொல்லாமல் போயிருந்தால் கதவடியில் என்னுடைய வாய் வேறு மாதிரித் திறந்திருக்கும்.

எரிச்சல் போய்விட்டதா என்று மகள் கேட்டாள். போகவில்லை. அப்படி ஒரு ரயில் பயணத்தில் போகிற எரிச்சல் இல்லை இது. இதை எழுதும்போதும் அந்த "மார்லி" என்கிற சொல் இவருடைய குரலில் எப்படி இருந்திருக்கும் என்றுதான் யோசிக்கிறேன்.

ஆண்டுத்திவசத்துக்கு அவவை வரச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு மார்லி வீட்டுக் கதவடியில் வெளிக்கிடும்போது வாயில் வந்துவிட்டது. மகளுக்குச் சொன்னபோது அவள் திகைத்துப் போனாள்.

"அம்மா, உங்களுக்கு அவவைப் பார்க்கவே ஏலாதே. பிறகு ஏன் கூப்பிட்டனீங்கள்?"

"வரட்டும்" என்றேன். "உன்ரை பேரையும் மறந்திட்டார், என்ரை பேரையும் மறந்திட்டார். அவர் பேர் சொல்லிக் கூப்பிட்ட ஆள் ஒண்டாவது அண்டைக்கு எங்கட வீட்டிலை இருக்கட்டும்."